கடைசி எழுத்து யாருடையது?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். சென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்தின் தகவல் தொடர்புப் பிரிவில் வேலை பார்க்கிறீர்கள். பெண்கள் என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் ஓர் உயிரெழுத்தை எடுத்துவிட்டு அங்கே எக்ஸ் போட்டு எழுதும்படி தலைமையகம் ஒரு நடைக் கையேடு அனுப்பியிருக்கிறது. அதைப் பார்த்த உங்கள் குழுவில் ஒருவர், தமிழ் அறிவிப்புகளிலும் 'மாணவ' என்று நிறுத்தி நட்சத்திரக் குறி போடலாம், 'நண்ப' என்று நிறுத்தி எக்ஸ் போடலாம் என்கிறார். மூத்த தன்னார்வலர்கள் தமிழைச் சிதைக்காதீர்கள் என்கிறார்கள். இளையவர்கள் அவர்களைப் பிற்போக்கு என்கிறார்கள். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படி எழுதுவது இலக்கணத்துக்குப் பொருந்துமா என்பது மேலாகத் தெரிகிற கேள்வி. அதன் அடியில் இன்னொன்று இருக்கிறது: ஓர் எழுத்தை மாற்றினால், இதுவரை வாசலில் நின்றவருக்கு உள்ளே இடம் கிடைக்குமா? அதை யார் முடிவு செய்வது? நான் பதில் சொல்ல விரும்புவது இந்த இரண்டாவது கேள்விக்கு.

இருபத்தாறு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துகிறேன். ராயப்பேட்டையில் ஒரு சின்ன அச்சகத்தில் தொடங்கினேன். பிறகு வார இதழ், பாடநூல் மொழிபெயர்ப்பு, இப்போது உங்களைப் போன்ற நிறுவனங்களின் அறிக்கைகள். மொழியியலில் ஆய்வுப் பட்டம் பெற்றவள் இல்லை. இலக்கண நூல்களை வேலைக்காகப் படித்து, பிறகு அவற்றின் மேல் ஆசை வந்து படித்தவள். கீழே எழுதுவதில் எது உறுதி, எது என் அனுபவத்தில் தோன்றிய கருத்து என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் அந்த எக்ஸ் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். பெண்ணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்குள் ஆணைக் குறிக்கும் சொல் ஒளிந்திருக்கிறதே என்ற உறுத்தலில், 1970-களில் அமெரிக்கப் பெண்ணியர் சிலர் அங்கே ஆங்கில 'ஒய்' எழுத்தைப் போட்டு எழுதத் தொடங்கினார்கள். மிச்சிகனில் 1976 முதல் 2015 வரை நடந்த பெண்கள் இசை விழாவின் பெயரில் அந்த எழுத்துக்கூட்டல் இருந்தது. சொல்லின் பழைய வரலாற்றைப் பார்த்தால் அந்தப் பின்பாதிக்குத் தொடக்கத்தில் 'மனிதர்' என்றுதான் பொருள். ஆண் என்ற பொருள் பிறகு ஒட்டிக்கொண்டது. அதற்காக உறுத்தல் பொய்யாகிவிடாது, இன்று படிக்கிறவர் காதில் விழுவது இன்றைய பொருள்தானே. ஆனால் அதே விழா, பிறப்பில் பெண்ணாகப் பதிவானவர்களுக்கு மட்டும் என்று சொல்லித் திருநங்கையரை வெளியே நிறுத்தியது. அதனால் அந்த எழுத்துக்கூட்டலும் கறைபட்டது. அதற்கு மாற்றாக, எல்லாப் பெண்களையும் சேர்க்கும் நோக்கத்தோடு எக்ஸ் வந்தது. 2021 மார்ச்சில் ட்விட்ச் என்ற காணொலித் தளம் மகளிர் மாதத்துக்கு அதைப் பயன்படுத்தியபோது முதலில் எதிர்த்தவர்களில் திருநங்கையர் பலர் இருந்தார்கள். நாங்களும் பெண்கள்தான், எங்களைச் சேர்க்க எதற்குத் தனி எழுத்து, பழைய சொல்லில் எங்களுக்கு இடமில்லை என்கிறீர்களா என்று கேட்டார்கள். தளம் அதைத் திரும்பப் பெற்றது. லத்தீன் அமெரிக்க வழியினருக்காக உருவான லட்டீனெக்ஸ் என்ற சொல்லின் கதையும் இதை ஒட்டியதுதான். பியூ ஆய்வு மையம் 2020-இல் வெளியிட்ட கணக்கில், அமெரிக்காவில் வாழும் அந்தச் சமூகத்துப் பெரியவர்களில் அதைக் கேள்விப்பட்டவர்கள் 23 விழுக்காடு, தங்களைக் குறிக்கப் பயன்படுத்தியவர்கள் 3 விழுக்காடு. 2024-இல் கேள்விப்பட்டவர்கள் ஏறத்தாழ இரட்டிப்பானார்கள், பயன்படுத்துகிறவர்கள் 4 விழுக்காட்டோடு நின்றார்கள். ஸ்பானிய நாவில் அந்த எக்ஸ் புரளவில்லை என்பது பலர் சொன்ன குறை. இதற்கு எதிர்த்திசையில் சுவீடன் இருக்கிறது. அங்கே 'அவன்', 'அவள்' இரண்டுக்கும் நடுவே 'ஹென்' என்ற பொதுப் பிரதிப்பெயர் பரவி, 2015-இல் சுவீடிஷ் அகாதெமியின் சொற்பட்டியலில் ஏறிவிட்டது. அது சொல்ல எளிது. அந்த மொழியில் ஏற்கெனவே இருந்த இரண்டு பிரதிப்பெயர்களின் சாயலிலேயே பிறந்தது.

இப்போது நம் மொழிக்கு வருகிறேன். உங்கள் மூத்த தன்னார்வலர்கள் தமிழ் எழுத்தில் கைவைக்கவே கூடாது என்று சொன்னால் அது வரலாற்றுக்குப் பொருந்தாது. நாம் இன்று எழுதும் நெடில் ஏகாரமும் ஓகாரமும் வீரமாமுனிவர் செய்த மாற்றம், பதினெட்டாம் நூற்றாண்டு. ணா, றா, னா, லை, ளை, னை உள்ளிட்ட பதின்மூன்று எழுத்துகளைப் பெரியார் 1935-இல் குடியரசு இதழில் மாற்றி எழுதினார், 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு அவற்றை ஏற்று ஆணை பிறப்பித்தது. பழைய கொம்பு வைத்த லையை இன்று எழுதச் சொன்னால் என் மகளுக்கே தெரியாது. அதே பெரியார் ஐகாரத்தை 'அய்' என்றும் ஔகாரத்தை 'அவ்' என்றும் எழுதச் சொன்னதை அரசாணை எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே எழுத்து மாறும், ஆனால் யார் சொன்னாலும் எல்லாமே மாறிவிடாது. ஏற்கப்பட்ட மாற்றங்களைப் பாருங்கள்: ஒலி அப்படியே இருந்தது, வடிவம் எளிதானது.

நட்சத்திரக் குறியும் எக்ஸும் அப்படி இல்லை. தமிழில் எழுதியதைப் பெரும்பாலும் அப்படியே வாய்விட்டுப் படித்துவிடலாம். குறிக்கு ஒலி கிடையாது. உங்கள் அறிவிப்பைக் கண்ணகி நகரில் ஒரு அங்கன்வாடிப் பணியாளர் தாய்மார்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டுமானால் அந்த இடத்தில் என்ன சொல்வார்? கைப்பேசியின் குரல் வழியாகப் படிக்கிற பார்வையற்ற நண்பருக்கு, சில செயலிகள் குறியை விழுங்கிவிடும், சில அதன் பெயரைச் சொல்லி வாக்கியத்தை உடைக்கும். ஒருவரைச் சேர்ப்பதற்காகப் போட்ட குறி இன்னொருவரைத் தடுக்கி விழ வைக்கிறது. இதைவிடப் பெரிய சிக்கல் வினைச்சொல்லில் இருக்கிறது. ஆங்கிலத்தில் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது, வினை பால் காட்டாது. தமிழில் வந்தான், வந்தாள், வந்தார் என்று வினைமுற்று பாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. 'மாணவ' என்று நிறுத்திக் குறி போட்டவர் அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பார்? உங்கள் குழு நண்பரிடம் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்கள். அவரை மடக்குவதற்காகக் கேட்க வேண்டாம். அவருடைய நோக்கம் நல்லது, அதைத் தாங்குகிற இடம் தமிழில் வேறெங்கோ இருக்கிறது என்று காட்டுவதற்காகக் கேளுங்கள்.

அந்த இடம் 'ர்'. ஒருவன், ஒருத்தி என்று சொல்லிவந்த மொழி 'ஒருவர்' என்ற சொல்லையும் வைத்திருந்தது. 'ஒருவர் என்னும் பெயர்நிலைக் கிளவி இருபாற்கும் உரித்தே' என்கிறது தொல்காப்பியம். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான ஒருமைச் சொல், ஆனால் பன்மை வினை கொண்டு முடியும் என்று அடுத்த நூற்பா சொல்கிறது. அதே நூலின் இன்னோர் இடத்தில், ஒருவரைப் பன்மையால் குறிப்பது வழக்கில் உயர்த்திச் சொல்லும் சொல், இலக்கண நெறியில் சேர்ந்தது இல்லை என்றும் வருகிறது. இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் புத்தகத்தை மூடவில்லை. நாம் இன்று எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதும் 'அவர் வந்தார்' என்பதே ஒரு காலத்தில் இலக்கணத்துக்கு வெளியே, மக்கள் வாயில் மட்டும் இருந்த வழக்கு. இலக்கண ஆசிரியர் அதைப் பிழை என்று அடிக்கவில்லை. வழக்கில் இப்படி இருக்கிறது என்று பதிந்துவைத்தார். இளையவர்களும் மூத்தவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்க வேண்டிய வரிகள் இவை.

அப்படியானால் எல்லா இடத்திலும் 'ர்' போட்டுவிட்டால் முடிந்ததா? நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்தேன். இதழில் வேலை பார்த்தபோது ஒரு திருநங்கையின் வாழ்க்கை பற்றிய கட்டுரை மெய்ப்புக்கு வந்தது. எழுதியவர் அவருடைய தோழி. கட்டுரை முழுக்க 'அவள்', 'போனாள்', 'சிரித்தாள்' என்று இருந்தது. மரியாதைக் குறைவாக இருக்கிறதே என்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை 'அவர்', 'போனார்', 'சிரித்தார்' என்று மாற்றினேன். நல்லது செய்ததாகவே நினைத்தேன். இதழ் வெளியான வாரம் அந்தப் பெண் அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. பக்கத்தைத் திறந்து காட்டி, "அக்கா, அந்த 'ள்' எனக்குக் கிடைக்க இருபது வருஷம் ஆச்சு. வீட்டுல குடுக்கல, பள்ளிக்கூடத்துல குடுக்கல. நீங்க ஒரே மூச்சுல அடிச்சிட்டீங்க" என்றார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த இதழில் திருத்தம் போடலாமா என்று கேட்டேன். வேண்டாம், அடுத்த தடவை கேட்டுட்டு எழுதுங்க என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் மேசையில் எந்தக் கட்டுரை வந்தாலும், அதில் பேசப்படுகிறவர் உயிரோடு இருந்தால், அவரை எப்படிக் குறிப்பது என்று கேட்டுக்கொள்ளாமல் பேனாவை வைப்பதில்லை.

வலி என்னவென்றால், அவருக்கு ஆண்பால் ஈறு பொருந்தாது என்பது நான் பயின்ற நூலிலேயே இருந்தது. 'ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி ஆண்மை அறிசொற்கு ஆகிடன் இன்றே' என்று தொல்காப்பியம் சொல்லிவிட்டது. அந்தச் சொல்லாட்சி இன்றைய காதுக்கு உவப்பாக இல்லை, அது வேறு. உயர்திணைக்குள் வைத்து, ஆண்பால் சொல் ஏற்காது என்று சொன்னது என்பதே இங்கே முக்கியம். பல நூற்றாண்டு கழித்து வந்த நன்னூல், ஆண்மை விட்டுப் பெண்மை அவாவுவோரைப் பெண்பால் என்றே வைத்தது. ஆனால் அஃறிணை போலவும் வரும் என்று ஒரு வழியையும் திறந்துவிட்டது. மனிதரை 'அது' என்று சொல்ல இலக்கணத்தில் இடம் கிடைத்தது அங்கே. மரபு என்று ஒரே சொல்லில் பேசுகிறவர்களிடம் எந்த நூலின் மரபு என்று கேட்பது நியாயம்.

'ள்' வேண்டும் என்று ஒருவர் போராடினால், 'ர்' வேண்டும் என்று நூறாண்டாகப் போராடுகிற இன்னொரு கூட்டம் நம் ஊரில் இருக்கிறது. உங்கள் கேள்விக்கு நேரான தமிழ் எடுத்துக்காட்டு எக்ஸ் அன்று, இதுதான். அரசின் பட்டியல் சாதிப் பெயர்களைப் பாருங்கள். பறையன், பள்ளன், சக்கிலியன், வள்ளுவன், குறவன் என்று பல பெயர்கள் 'ன்' போட்டு முடிகின்றன. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையைத் தொட்டு வரும் பட்டியல் அது. அதே ஊரில் ஆதிக்கச் சாதிப் பெயர்கள் பலவும் 'ர்' போட்டு முடிகின்றன. அது இயல்பு என்று நம் காது பழகிப்போயிருக்கிறது. வகுப்பில் சாதிச் சான்றிதழை ஆசிரியர் உரக்கப் படிக்கும்போது அந்த 'ன்' ஒரு குழந்தையின் முதுகில் விழுகிறது. இதில் எழுதியவரின் கவனக்குறைவு ஒன்றும் இல்லை, யாருக்கு மரியாதை என்று ஊர் வைத்திருந்த கணக்கு அப்படியே ஏட்டில் ஏறியிருக்கிறது. 2025-இல் தமிழ்நாட்டு முதலமைச்சர் இந்த ஈற்றை 'ர்' என்று மாற்றும்படி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அரசியல் சட்டத்தின் 341-ஆம் பிரிவுப்படி பட்டியலில் ஒரு பெயரைத் திருத்த நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். ஓர் எழுத்துக்கு நாடாளுமன்றம்! 2021-இல் ஏழு சாதிப் பெயர்களைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்ததும் அப்படி ஒரு திருத்தச் சட்டத்தால்தான். அதற்கும் முன்னால், 1922-இல், சென்னைச் சட்ட மேலவையில் எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தால்தான் இழிவாக ஒலித்த பெயர்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்ற பெயர் அரசு ஏட்டில் ஏறியது. ஒரு நூற்றாண்டாக இந்த ஊரில் நடக்கிற எழுத்துக்கூட்டல் விவாதம் இது. வெளிநாட்டுக் கையேட்டிலிருந்து தொடங்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

இங்கே ஒரு ஐயத்தையும் சொல்லிவிட வேண்டும். 'ன்' என்ற எழுத்தே இழிவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. முருகன், கண்ணன், கம்பன், பாரதிதாசன் என்று கடவுளையும் கவிஞரையும் அந்த ஈற்றால்தான் சொல்கிறோம். தமிழன் என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறவர் தன்னைத் தாழ்த்திக்கொள்ளவில்லை, அந்தச் சொல்லில் தமிழச்சி காணாமல் போகிறாள் என்பது தனிக் குறை. மிக உயர்ந்ததற்கும் மிக நெருங்கியதற்கும் மிகத் தாழ்த்தப்பட்டதற்கும் ஒரே ஈறு. எழுத்து மட்டும் தனியாகப் பொருள் தருவதில்லை. யார் யாரை நோக்கிச் சொல்கிறார் என்பதில் இருக்கிறது பொருள். அதனால்தான் எழுத்துக்கான விதியை மேசையில் உட்கார்ந்து எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிட முடியாது என்கிறேன்.

பேச்சுத்தமிழில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. உங்கள் வேலைக்கு இது நேரடியாக உதவும். எழுத்தில் 'அவர்' பொதுச்சொல். சென்னைத் தெருவில் 'அவரு வந்தாரு' என்றால் கேட்கிறவர் மனத்தில் நிற்பது ஒரு ஆண். மரியாதைக்குரிய பெண்ணை 'அவங்க வந்தாங்க' என்கிறோம். ஆணா பெண்ணா தெரியாத ஒருவரையும், 'யாரோ போன் பண்ணாங்க' என்று இதே வடிவத்தால் சொல்கிறோம். ஆங்கிலத்தார் ஒருமைக்குப் பன்மைப் பிரதிப்பெயர் வரலாமா என்று இவ்வளவு விவாதித்த இடத்தில், நம் வீட்டில் 'அவங்க' எந்தக் கூச்சலும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அச்சு அறிவிப்பில் 'அவர்' போதும். ஒலிபெருக்கியில் சொல்லும் செய்திக்கும் வாட்ஸப் குரல் பதிவுக்கும் 'அவங்க' என்று பேசுங்கள். எழுத்துநடைப் பிரதியை அப்படியே வாசித்தால் பாதிப் பேர் தங்களைப் பற்றியது இல்லை என்று கடந்துபோவார்கள்.

சொல்லை மாற்றினால் வாழ்க்கை மாறுமா என்ற கேள்விக்கு என்னிடம் ஒற்றை வரிப் பதில் இல்லை. ஆண்பால் சொல்லைப் பொதுச்சொல்லாக வைத்துப் பேசும்போது கேட்கிறவர்கள் ஆணையே முதலில் நினைக்கிறார்கள் என்பதைப் பல மொழிகளில் செய்த சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அது உறுதியான தரை. சுவீடனின் 'ஹென்' அந்தச் சாய்வைக் குறைக்கிறது என்று 2019-இல் வந்த ஓர் ஆய்வும் சொன்னது. மறுபக்கம், வங்காள மொழியிலும் துருக்கிய மொழியிலும் பிரதிப்பெயர் பால் காட்டுவதில்லை. அந்த நிலங்களில் ஆண் பெண் ஏற்றத்தாழ்வு போய்விடவும் இல்லை. இலக்கணம் ஒரு சிறு கதவைத் திறக்கும், வீட்டைக் கட்டித் தராது. விதவை என்ற சொல்லில் ஒரு புள்ளியும் இல்லை, கைம்பெண் என்று எழுதினால் இரண்டு பொட்டு இருக்கிறது என்று கலைஞர் சொன்னதாக மேடைகளில் வழங்கும் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எழுத்தை வைத்து இவ்வளவு பரிவு காட்ட முடியும் என்பது என்னை இன்னும் நெகிழ்த்தும். ஆனாலும் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கிற பெண் கேட்டு வாங்க வேண்டிய சான்றிதழ் 'ஆதரவற்ற விதவை' என்ற பெயரில்தான் இருக்கிறது. உங்கள் துண்டறிக்கையில் புதுச் சொல்லை மட்டும் போட்டால் எதைக் கேட்பது என்று அவருக்குத் தெரியாமல் போகும். இரண்டையும் எழுதுங்கள். துப்புரவுப் பணியாளர் என்பதைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினோம், நல்ல மாற்றம். அந்தப் பெயரோடு அவர்கள் 2025 ஆகஸ்டில் வேலைப் பாதுகாப்புக் கேட்டு ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் உட்கார்ந்தார்கள், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். பெயரில் கிடைத்த மரியாதை அந்த நடைபாதை வரை வரவில்லை. இதைச் சொல்வது பெயர் மாற்றம் வீண் என்பதற்காக இல்லை. பெயரை மாற்றிவிட்டோம் என்று வேலையை அங்கேயே நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக.

இனி உங்கள் மேசைக்கு வருகிறேன். அறிவிப்பு எழுதும்போது பால் சிக்கலில் பெரும்பகுதியை எந்தக் குறியும் இல்லாமல் தாண்டிவிடலாம். தன்மையும் முன்னிலையும் தமிழில் பால் காட்டுவதில்லை. 'நீங்கள் வரலாம்', 'விண்ணப்பிக்க வேண்டும்', 'கலந்துகொள்க' என்ற வடிவங்களில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, எல்லாரும் இருக்கிறார்கள். படிப்போர், வருவோர், பங்கேற்பவர், பணியாளர், ஓட்டுநர் என்று ஆக்கிக்கொள்ளலாம். ஓட்டுநருக்கு ந போடுங்கள். ன போட்டு எழுதுவது எல்லாப் பலகையிலும் பரவிவிட்டது, 'நர்' என்பதுதான் அங்கே விகுதி. மனிதன் என்ற இடத்தில் மனிதர், குடிமகன் என்ற இடத்தில் குடிமக்கள். ஆசிரியை என்று தனியாகப் பிரித்துச் சொல்லத் தேவை இல்லாத இடத்தில் ஆசிரியர். 'பெண் எழுத்தாளர்' என்று எழுதும் முன் அதே பக்கத்தில் 'ஆண் எழுத்தாளர்' என்று எங்காவது எழுதியிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாணவர் என்று மட்டும் எழுதினால் கிராமத்துப் பள்ளிகளில் பையன்களை மட்டும் நினைக்கிறார்கள் என்று களப்பணியாளர்கள் சொன்னால், அந்த இடத்தில் 'மாணவ மாணவியர்' என்றே எழுதுங்கள். அது பொதுச்சொல் கோட்பாட்டுக்கு மாறானதாக இருக்கட்டும், ஒரு பெண் குழந்தை தன்னை அழைக்கிறார்கள் என்று உணர்வது அதைவிடப் பெரிது.

நீங்கள் இணைத்திருந்த அறிவிப்பில் எனக்கு உறுத்தியது வேறோர் எழுத்து. 'நாங்கள் இந்தப் பகுதி மக்களுக்கு உதவுகிறோம்' என்று தொடங்குகிறது. கேட்பவரையும் சேர்த்துச் சொல்ல 'நாம்', சேர்க்காமல் சொல்ல 'நாங்கள்' என்று தமிழ் இரண்டு சொல் வைத்திருக்கிறது. உள்ளடக்குவது என்பது நம் மொழியில் பிரதிப்பெயரிலேயே கட்டிவைத்த ஒன்று. நட்சத்திரக் குறி பற்றி மூன்று கூட்டம் போட்ட நிறுவனம், முதல் சொல்லிலேயே படிக்கிறவரை வெளியே நிறுத்தியிருக்கிறது. தெருக் கூட்டத்துக்கு அழைக்கிற அறிவிப்பு என்றால் 'நாம் கூடிப் பேசுவோம்' என்று அது தொடங்கலாமே.

யார் முடிவு செய்வது என்பதற்கு, நமக்கு அருகிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒருவரையொருவர் காதலித்து, மதுரையிலிருந்து பாதுகாப்புத் தேடிச் சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கை 2021-இல் விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தீர்ப்பு எழுதும் முன் தனக்கு இந்த வாழ்க்கை பற்றித் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டார். அதன் தொடர்ச்சியாக, தன்பால் ஈர்ப்பினர், திருநர் உள்ளிட்ட இந்தச் சமூகத்தினரைக் கண்ணியமாகக் குறிக்கும் தமிழ்ச் சொற்களின் பட்டியலை 2022-இல் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்டது. ஆங்கிலத்தில் குயர் என்பதற்கு ஈடான பால்புதுமையர் போன்ற சொற்கள் அவர்களிடையே பேசிப் பழகி வந்தவை. திருநங்கை, திருநம்பி இரண்டையும் சேர்த்துச் சொல்லத் திருநர் என்கிறார்கள். கடைசி எழுத்தைப் பாருங்கள், அங்கேயும் அந்த 'ர்'. மூன்றாம் பாலினம் என்ற சொல்லைப் பலர் ஏற்பதில்லை, முதலாவது இரண்டாவது என்று எண் போட்டது யார் என்று கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி சரியாகவே படுகிறது. அதே சொல்லைத் தனக்கு விரும்பிச் சூடிக்கொள்கிற ஒருவரை நீங்கள் சந்தித்தால் அவர் விஷயத்தில் அதையே எழுதுங்கள்.

ஆகவே உங்கள் குழுவில் ஒரு தரப்பு சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. இளையவர்களின் உறுத்தல் உண்மையானது, அவர்கள் எடுத்த கருவி தமிழுக்குப் பொருந்தவில்லை. மூத்தவர்களுக்குத் தமிழ்மேல் இருக்கும் அக்கறை உண்மையானது, தமிழ் அவர்கள் நினைப்பதைவிட இடம் கொடுக்கிற மொழி. அடுத்த கூட்டத்துக்கு, அறிவிப்பில் பேசப்படுகிறவர்களில் நான்கு பேரையாவது அழையுங்கள். வரைவை அவர்களிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள், எந்த இடத்தில் முகம் மாறுகிறது என்று கவனியுங்கள், அந்த இடத்தைத் திருத்துங்கள். உங்கள் பதிவுப் படிவத்தில் ஆண், பெண், மற்றவை என்று மூன்று கட்டம் இருக்கிறது. 'மற்றவை' அஃறிணைப் பன்மை, மனிதருக்கு அதை அச்சிடக் கூடாது, இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு வெற்றுக் கோடு போட்டு, 'உங்களை எப்படிக் குறிப்பிட வேண்டும்?' என்று கேளுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்காகப் படிவம் நிரப்பும் பணியாளர், அவர்கள் சொல்கிற சொல்லை, சொல்கிற ஈற்றோடு, அப்படியே எழுதட்டும்.